விருந்தினரின் பெட்டியோடு பூச்சி வராமல் இருக்க

கேள்வி: விடுமுறை தொடங்கியதும் என் கணவருடைய அக்கா குடும்பத்தினரும் என் சித்தப்பா குடும்பத்தினரும் எங்கள் வீட்டில் வந்து தங்குவது வழக்கம். சென்ற முறை அவர்கள் திரும்பிச் சென்று ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, விருந்தினர் அறைக் கட்டிலில் மூட்டைப்பூச்சிகளைக் கண்டோம். ஆள் வைத்து மருந்து அடித்த பிறகே அது ஓய்ந்தது. இந்த முறை பெட்டிகள் உள்ளே வரும்போதே அவற்றின் மீது மருந்து தெளித்துவிடலாமா? அல்லது அறையில் பாச்சை உருண்டை போட்டு வைத்தால் போதுமா? மூட்டைப்பூச்சி தவிர வேறு எந்தெந்தப் பூச்சிகள் இப்படி வரக்கூடும்? வருகிறவர்களின் மனம் நோகாமல் இதையெல்லாம் எப்படிச் செய்வது? பழைய கட்டிலையும் மெத்தையையும் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விகளில் எளிதானவற்றுக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். பெட்டிகள் மீது மருந்து தெளிக்க வேண்டாம். பாச்சை உருண்டையும் வேண்டாம். கடையில் கிடைக்கும் தெளிப்பான்களில் பெரும்பாலானவை பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகையைச் சேர்ந்தவை. உலகின் பல பகுதிகளில் மூட்டைப்பூச்சிகள் அந்த வகை மருந்தைத் தாங்கிக்கொள்ளும் திறனைப் பெற்றுவிட்டன. மருந்து நேரடியாக மேலே படாத பூச்சி, தையலுக்குள்ளும் உள்துணிக்கு அடியிலும் பத்திரமாக இருக்கும். மருந்தின் ஈரமோ பெட்டிக்குள் இருக்கும் குழந்தைத் துணிகளில் போய்ச் சேரும். பாச்சை உருண்டையின் ஆவி, காற்றுப் புகாத பெட்டிக்குள் நெடுநாள் அடைபட்டிருந்தால் கம்பளித் துணிகளை அரிக்கும் அந்துப்பூச்சியைக் கட்டுப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் திறந்த அறையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போட்டால் மூட்டைப்பூச்சியை அது அசைக்காது. மேலும் அதில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்தை உண்டாக்கக்கூடியது. விருந்தாக வரும் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா என்பது பல வேளைகளில் பெற்றோருக்கே தெரிந்திராது.

ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சென்ற முறை பூச்சியைக் கொண்டுவந்தவர்கள் உங்கள் உறவினர்கள்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவர்கள் சென்று ஒரு மாதத்தில் பூச்சி கண்ணில் பட்டது என்பது அந்த ஐயத்துக்கு இடம் தருகிறதே தவிர, அதை மெய்ப்பிக்கவில்லை. அதே காலத்தில் நீங்கள் வெளியூர் சென்று தங்கியிருக்கலாம்; பழைய மரச்சாமான் ஒன்றை வாங்கியிருக்கலாம்; அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் மின்கம்பிகள் செல்லும் துளை வழியாகப் பக்கத்து வீட்டிலிருந்துகூட அது வந்திருக்கலாம். அவர்களே கொண்டுவந்திருந்தாலும், அவர்கள் வீட்டில் பூச்சி இருக்கிறது என்று பொருளாகாது. வரும் வழியில் பேருந்தின் சாமான் அறையிலோ ரயிலின் இருக்கைக்கு அடியிலோ தங்கும் விடுதியிலோ பெட்டியில் ஏறியிருக்க வாய்ப்புண்டு. மூட்டைப்பூச்சிக்கு வேண்டியது இரத்தமும் ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கும் மட்டுமே. வீடு துப்புரவாக இருக்கிறதா, வீட்டுக்காரர் வசதியானவரா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. 2023ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் பாரிஸ் நகரில் ரயில்களிலும் திரையரங்குகளிலும் மூட்டைப்பூச்சி இருப்பதாக எழுந்த பெரும் கலக்கத்தை நீங்களும் செய்திகளில் படித்திருப்பீர்கள்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மனம் நோகாமல் எப்படிச் செய்வது என்ற உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. விருந்தினரைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு தொடங்கினால் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அது புண்படுத்தும். பெட்டிக்கு ஓர் இடம் ஒதுக்குவதாக நினைத்துக்கொண்டு தொடங்கினால் சொல்வதற்கே ஒன்றும் இராது. கட்டுப்படுத்த வேண்டியது பெட்டி எங்கே வைக்கப்படுகிறது, எவ்வளவு நேரம் திறந்து கிடக்கிறது, அழுக்குத்துணி எங்கே போகிறது என்ற மூன்றை மட்டுமே.

மூட்டைப்பூச்சி பயணம் செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். முழு வளர்ச்சி அடைந்த பூச்சி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமும், தட்டையான உடலும், பழுப்புச் சிவப்பு நிறமும் கொண்டது. அதற்குப் பறக்கவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது. நடக்க மட்டுமே தெரியும். ஆகவே அது ஊர் விட்டு ஊர் போவது முழுக்க முழுக்க நம் பொருள்களின் மீது ஏறித்தான். பேனைப் போல அது உடலில் தங்குவதில்லை. இரவில் வந்து சில நிமிடங்கள் இரத்தம் குடித்துவிட்டு, அருகிலுள்ள இடுக்குக்குத் திரும்பிவிடும். கட்டிலுக்குப் பக்கத்தில் திறந்து வைத்த பெட்டி அதற்கு அப்படியொரு இடுக்கு. அழுக்குத்துணியில் தங்கியிருக்கும் மனித வாடை அதைக் கூடுதலாக ஈர்க்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அறையில் மனிதர் இல்லாத நேரத்தில் மூட்டைப்பூச்சிகள் துவைத்த துணி வைத்த பையைவிட உடுத்திக் கழற்றிய துணி வைத்த பையில் ஏறக்குறைய இரு மடங்கு கூடுதலாகச் சேர்ந்ததைக் கண்டனர். நாற்காலி மீதும் கட்டிலோரத்திலும் குவித்து வைக்கும் பயணத் துணிதான் பூச்சியின் வண்டி என்று பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலில் இருப்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததற்கு அந்த ஆய்வு வலுச்சேர்த்தது.

இனி ஏற்பாட்டுக்கு வருவோம். விருந்தினர் வருவதற்கு முன்பே அந்த அறையில் பெட்டிகளுக்கென ஓர் இடத்தைத் தயார் செய்துவிடுங்கள். அது கட்டிலிலிருந்து முடிந்தவரை தள்ளி, விரிப்போ கம்பளமோ இல்லாத வெறுந்தரையில் இருக்க வேண்டும். உலோகக் கால்களுடைய மடக்குத் தாங்கியோ, இழைத்துப் பளபளப்பாக்கிய சிறு மேசையோ இருந்தால் பெட்டியை அதன் மேல் வைக்கலாம். அறை மிகச் சிறியதாக இருந்தால் வெளி வராந்தாவிலோ, அறைக்கு வெளியே உள்ள நடையிலோ இடம் ஒதுக்கலாம். பெட்டியைக் கட்டில் மீது வைத்துத் திறப்பதும், கட்டிலுக்கு அடியில் தள்ளிவைப்பதும்தான் கட்டாயமாகத் தவிர்க்க வேண்டிய இரண்டு பழக்கங்கள். வசதியான இடம் வேறொன்று கண்ணெதிரே தெரிந்தால் யாரும் கட்டிலில் பெட்டியை வைப்பதில்லை. “சாமான்களை இந்த மேசையில் வைத்துக்கொள்ளுங்கள், குனிய வேண்டாம்” என்று சொல்வதில் எவருக்கும் குறை தோன்றாது.

கூடவே மூடியுள்ள துணிக்கூடை ஒன்றை, அல்லது வாய் கட்டக்கூடிய பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை, அறையிலேயே வைத்துவிடுங்கள். வந்த அன்றே “பயணத் துணிகளையெல்லாம் இதில் போட்டுவிடுங்கள், நாளைக்குத் துவைத்துவிடலாம்” என்று சொல்லுங்கள். அக்கா வேண்டாம் என்று மறுப்பார், நீங்கள் வற்புறுத்துங்கள். உபசாரமாகவே தோன்றும் இந்த ஒரு செயல், நான் இங்கே சொல்லப்போகும் மற்ற எல்லாவற்றையும்விடப் பயனுடையது. 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் பூச்சியும் முட்டையும் சேர்ந்தே அழியும். உலர்த்தும் இயந்திரம் இருந்தால், உலர்ந்த துணிகளை அதிகச் சூட்டில் அரை மணி நேரம் சுழலவிடுவது இன்னும் நல்லது. துணிகளைத் திணித்து நிரப்பாமல் தளர்வாகப் போட வேண்டும். குளிர்ந்த நீரில் துவைத்தால் பூச்சிகள் ஓரளவு அடித்துச் செல்லப்படுமே தவிர, முட்டைகள் தப்பிவிடும். வெந்நீர் தாங்காத துணியை இஸ்திரிப் பெட்டியால் நன்கு அழுத்தித் தேய்க்கலாம். தையல்களிலும் பைகளிலும் மடிப்புகளிலும் சூடு ஏறும்படி நிறுத்தித் தேய்க்க வேண்டும்.

குளிர்பெட்டியின் உறைநிலைப் பகுதியும் உதவும். கழித்தல் 18 டிகிரி செல்சியஸில் நான்கு நாட்கள் தொடர்ந்து வைத்தால் மூட்டைப்பூச்சி எல்லாப் பருவத்திலும் இறந்துவிடும். குழந்தைகளின் பஞ்சு பொம்மை, செருப்பு, புத்தகம் போன்ற துவைக்க முடியாதவற்றுக்கு இது ஏற்ற வழி. இடையில் கதவைத் திறந்து திறந்து மூடினால் கணக்குத் தவறிவிடும் என்பதால் ஓரிரு நாள் கூட்டியே வையுங்கள். வெயில்தான் பலர் என்னிடம் கேட்கும் அடுத்த வழி. பெட்டியைக் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வைத்தால் மேற்புறம் கொதிக்கும். ஆனால் நடுவில் மடித்த துணிகளுக்குள் சூடு ஏறாது. சூட்டை உணர்ந்த பூச்சி குளிர்ச்சியான பக்கத்துக்கு நகர்ந்துவிடும். பொருளின் உட்பகுதி முழுவதும் 50 டிகிரியைத் தாண்டி, அந்தச் சூடு சிறிது நேரமாவது நிலைக்க வேண்டும் என்பதே கணக்கு. வெறும் பெட்டியை உச்சி வெயிலில் திறந்து வைப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

நீங்களே உங்கள் பெட்டியையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். நீங்களும் விடுமுறையில் எங்கேனும் போய்வருவீர்கள் அல்லவா? நல்ல டார்ச் விளக்கும் காலாவதியான ஒரு பிளாஸ்டிக் அட்டையும் போதும். ஜிப்பின் மடிப்பு, ஓரத்தில் ஓடும் உருட்டுத் தையல், இழுகைப்பிடி உள்ளே போகும் குழி, சக்கரத்தைப் பொருத்திய இடம், உள்துணிக்கு அடியிலுள்ள இடைவெளி ஆகியவற்றில் அட்டையின் விளிம்பை மெல்ல ஓட்டிப் பாருங்கள். பேனா முனையால் வைத்தது போன்ற கரும்புள்ளிகள் தெரிந்தால் ஈரத்துணியால் ஒற்றிப் பாருங்கள். பூச்சியின் கழிவாக இருந்தால் துருநிறமாகக் கசியும். வெள்ளை முட்டைகள் 1 மில்லிமீட்டர் அளவே இருப்பதால் வெறுங்கண்ணுக்கு அரிதாகவே படும். அவை ஒட்டுப்பசையுடன் இருப்பதால் தட்டினாலும் உதிரா. கடினமான ஓடுடைய பெட்டி, துணிப்பெட்டியைவிட மேலானதுதான். அதில் தையலும் மடிப்பும் குறைவு. ஆனால் ஜிப் இருக்கும் வரை அதிலும் வழியுண்டு.

விடுதியில் தங்கும்போது முதலில் பெட்டியைக் குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, மெத்தையின் தலைமாட்டு மூலைகளை உறையோடு தூக்கிப் பாருங்கள். கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னாலும் ஒருமுறை வெளிச்சம் அடித்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை இது. உங்கள் உறவினர்களிடம் இதைச் சொல்லிக்கொடுக்க விரும்பினால், நீங்கள் பயணம் போனபோது செய்ததாகவே சொல்லுங்கள். பேச்சுவாக்கில் வரும் செய்தி அறிவுரையாக ஒலிக்காது.

விருந்தினர் அறையை அமைக்கும் விதத்திலும் கவனம் தேவை. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். விரிப்பும் போர்வையும் தரையில் தொங்காமல் மெத்தைக்குள் செருகிவிடுங்கள். விரிப்பு வெளிர்நிறத்தில் இருந்தால் கறை எளிதில் தெரியும். அறையில் வேண்டாத அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள், கட்டிலடிச் சாமான் ஆகியவற்றை அகற்றிவிட்டால் ஒளியும் இடங்கள் குறையும். பின்னால் தேடும் வேலையும் குறையும். மெத்தையை முழுவதும் மூடி ஜிப் போடும் உறை வாங்க முடிந்தால் வாங்குங்கள். அது பூச்சி வருவதைத் தடுக்காது. ஆனால் மெத்தையின் தையல்களில் குடியேற விடாது. வந்தது வெளியிலேயே தென்படும்.

கட்டில் கால்களுக்கு அடியில் வைக்கும் பிளாஸ்டிக் பொறிக்கிண்ணங்களைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. ஏறிவரும் பூச்சி விழுந்து, வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் அகப்பட்டுக்கொள்ளும் என்பது அவற்றின் தத்துவம். மூட்டைப்பூச்சியில் மனிதரை அண்டி வாழும் இனங்கள் முக்கியமாக இரண்டு. குளிர்ப் பகுதிகளில் பரவலாகக் காணப்படும் இனம் அப்படி அகப்பட்டுக்கொள்ளும். வெப்பமண்டல இனத்தின் கால்களில் ஒட்டும் நுண்மயிர்கள் கூடுதலாக இருப்பதால், அது வழுவழுப்பான பரப்பிலும் ஏறித் தப்பிவிடும். ஆகவே கிண்ணத்தில் பூச்சி இருந்தால் அது நம்பத்தக்க செய்தி. கிண்ணம் காலியாக இருந்தால் பூச்சியில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

விருந்தினர் விடைபெற்ற பிறகு செய்ய வேண்டியதைப் பெரும்பாலானோர் செய்வதே இல்லை. அவர்கள் புறப்பட்ட அன்றே விரிப்புகளை அறையிலேயே பைக்குள் போட்டுக் கட்டி, நேரே வெந்நீர்த் துவைப்புக்குக் கொண்டுபோங்கள். தோளில் போட்டுக்கொண்டு வீடு முழுதும் நடக்க வேண்டாம். வேக்வம் கிளீனர் இருந்தால் குறுகிய முனையைப் பொருத்தி மெத்தை ஓரம், கட்டில் இணைப்பு, பெட்டி வைத்திருந்த இடம், சுவரும் தரையும் சேரும் கோடு ஆகியவற்றை இழுத்துவிட்டு, அதன் குப்பைப் பையை வீட்டுக்கு வெளியே கட்டி எறியுங்கள். அன்று எதுவும் கண்ணில் படாவிட்டாலும் வேலை முடிந்துவிடவில்லை. முட்டை பொரிய 6 முதல் 10 நாட்கள் ஆகும். பொரிந்த குஞ்சு ஐந்து முறை தோலுரித்து வளர்ந்த பூச்சியாவதற்கு, ஒவ்வொரு முறையும் இரத்தம் கிடைத்தால், மேலும் ஐந்து வாரங்கள் அளவில் ஆகும். ஆகவே இரண்டு வாரம் கழித்து ஒருமுறையும், ஆறு வாரம் கழித்து மறுமுறையும் டார்ச் விளக்கோடு அதே இடங்களைப் பாருங்கள். அறையை வெறுமனே பூட்டிப்போட்டால் பட்டினியால் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். வளர்ந்த பூச்சி மாதக்கணக்கில் இரையின்றி இருக்கும். வெப்பம் குறைந்த இடத்தில் அந்தக் காலம் இன்னும் நீளும்.

கடித்த தழும்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே படுக்கையில் உறங்கும் இருவரில் ஒருவருக்குத் தடிப்புத் தடிப்பாக எழும்பும். மற்றவருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குத் தழும்பு தோன்ற இரண்டு வாரம்கூட ஆகலாம். கொசுக்கடியையும் ஒவ்வாமையையும் இதனோடு குழப்பிக்கொள்வது மருத்துவர்களுக்கே நேரும் ஒன்று. மூட்டைப்பூச்சிக் கடியால் அரிப்பும் உறக்கக் கேடும் உண்டே தவிர, வீட்டுச் சூழலில் அது மனிதருக்கு நோயைப் பரப்புவதாக நிறுவப்படவில்லை. அந்த அச்சம் வேண்டாம்.

மற்றப் பூச்சிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூட்டைப்பூச்சிக்கு அடுத்தபடியாக நான் கவலைப்படுவது சிறிய சமையலறைக் கரப்பானைப் பற்றி. தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள் கொண்ட, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மிகாத இந்த வகையை ஜெர்மன் கரப்பான் என்பார்கள். பெயர் அப்படியிருந்தாலும் அதன் பூர்விகம் ஜெர்மனி அல்ல. ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மார் பகுதியில் ஆசியக் கரப்பானிலிருந்து அது பிரிந்தது என்று 2024இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. சாக்கடை வழியாக வரும் பெருங்கரப்பானுக்கு மாறாக, இது ஏறக்குறைய முற்றிலும் மனிதர் எடுத்துச்செல்லும் சாமான் வழியாகவே பரவுகிறது. பெண் கரப்பான் 30 முதல் 40 முட்டைகள் அடங்கிய உறையைப் பொரியும் தறுவாய் வரை தன் உடலிலேயே தூக்கித் திரிவதால், பையில் ஏறிய ஒற்றைக் கரப்பானே ஒரு சமையலறையை நிரப்பப் போதும். அட்டைப்பெட்டியின் நெளிவுத் தாள்களுக்கு இடையிலும், மின்சாதனங்களின் உட்பகுதியிலும் அது விரும்பித் தங்கும். ஆகவே உறவினர் தின்பண்டமும் மளிகையும் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தால், பொருள்களைச் சமையலறைக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டு, பெட்டியை அன்றே வெளியேற்றிவிடுங்கள். பழைய மிக்சியோ ரேடியோவோ கைமாறி வந்தால், ஓர் ஒட்டும் பொறியோடு பிளாஸ்டிக் பையில் கட்டி ஓரிரு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே எடுங்கள். ஒன்றிரண்டு அகப்பட்டால் தெளிப்பானைவிடக் கூழ்வடிவ இரைமருந்தே மேல். தெளிப்பான் கரப்பானை விரட்டி வேறு இடுக்குகளுக்குச் சிதறடிக்கும்.

அன்பளிப்பாக வரும் தானியம், மாவு, பருப்பு, உலர்பழம், கொட்டை, மிளகாய், மசாலாப்பொடி ஆகியவற்றில் வண்டும் அந்துப்பூச்சிப் புழுவும் இருக்கலாம். பொட்டலத்தின் மூலையில் மெல்லிய நூல்வலை, துளைபட்ட தானியம், அடியில் மிஞ்சிய தூள் ஆகியவை அடையாளங்கள். இவற்றைக் கொடுத்தவரிடம் சொல்லவே தேவையில்லை. உறைநிலைப் பெட்டியில் ஒரு வாரம் வைத்துவிட்டு, இறுக மூடும் கண்ணாடி அல்லது தகரப் புட்டியில் மாற்றிவிட்டால் போதும். பிளாஸ்டிக் உறைகளைச் சில வண்டுகள் துளைத்து வெளியேறும் என்பதால், வந்த பொட்டலத்தோடு அப்படியே அலமாரியில் அடுக்காதீர்கள்.

செல்லப்பிராணியோடு வருவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. நாயின் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே முட்டையிட்டு, குஞ்சாகி, மறுபடி நாயைத் தேடி ஏறும் தன்மையுடையது. தெள்ளுப்பூச்சியின் கூட்டுப்புழுப் பருவமோ, ஆள்நடமாட்டமில்லாத வீட்டில் மாதக்கணக்கில் கூட்டுக்குள் காத்திருந்து, காலடி அதிர்வும் மூச்சுக்காற்றும் உடல் சூடும் பட்டதும் வெளியே வரும். நெடுநாள் பூட்டியிருந்த வீட்டைத் திறந்தவுடன் காலெல்லாம் கடிபடுவது இதனால்தான். கால்நடை மருத்துவர் சொல்லும் உண்ணி மருந்தைப் பயணத்துக்கு முன்பே போட்டுவிட்டு வருமாறு கேட்டுக்கொள்ளலாம். பிராணி வளர்ப்பவர்கள் இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பேனுக்கும் பெட்டிக்கும் தொடர்பில்லை. அது தலையோடு தலை முட்டும்போதுதான் பரவும். தலையை விட்டு விழுந்தால் ஓரிரு நாளுக்கு மேல் உயிர்வாழாது. மரத்திலும் மூங்கிலிலும் செய்த கைவினைப் பொருள்களின் கீழே மாவு போன்ற தூள் உதிர்ந்தால் உளுக்கும் வண்டு இருக்கிறது என்று கொள்ளலாம். அதைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

எல்லாம் செய்தும் ஒரு பூச்சி கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது? முதலில் அதை நசுக்காமல் ஒட்டுநாடாவில் பிடித்து ஒரு தாளில் ஒட்டிவையுங்கள். அது எந்தப் பூச்சி என்று உறுதிசெய்யாமல் எடுக்கும் எந்த நடவடிக்கையும் வீண்செலவு. படுக்கையை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டு போகாதீர்கள். பூச்சியும் கூடவே வந்து இரண்டு அறைகள் கெடும். அறை முழுதும் புகையாகப் பரவும் மருந்துக் குப்பியைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போவதும் பயன்தராது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய குப்பிகள் வீடுகளிலிருந்து பிடித்துவந்த மூட்டைப்பூச்சிகளை, அதிலும் ஒளிந்திருந்தவற்றை, ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை என்று தெரிந்தது. மண்ணெண்ணெய், பெட்ரோல், சாராயம் போன்றவற்றைத் தெளிப்பது ஆபத்து. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை நம்மிடையே பழமொழியாக வழங்குகிறது. அதை மெய்யாகவே நடத்திக்காட்டியவர்கள் இந்தக் காலத்திலும் உண்டு.

பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளரை அழைக்கும்போது சில கேள்விகளைக் கேளுங்கள். மருந்தடிக்கும் முன் நேரில் வந்து தேடிப் பார்ப்பாரா? மருந்தின் பெயரை எழுதித் தருவாரா? மறுமுறை எப்போது வருவார்? பல மருந்துகள் முட்டையை முழுமையாக அழிப்பதில்லை. ஆகவே முட்டைகள் பொரிந்த பின், இரண்டு வாரம் அளவில், மறுமுறை வந்து பார்க்காதவரின் வேலை அரைகுறையாகவே முடியும். ஒரே தடவையில் ஒழித்துத் தருவதாகத் தொலைபேசியிலேயே உறுதி கூறுபவரை நான் நம்பமாட்டேன்.

பூச்சி கண்டது உறுதியானால், வந்து சென்றவர்களிடம் அன்றே சொல்லிவிடுங்கள். இதில் கூச்சப்படுவதுதான் இரு குடும்பத்துக்கும் கெடுதல்; உங்கள் வீட்டில் ஏறியது அவர்கள் பெட்டியில் போயிருக்கவும் கூடும் அல்லவா? “எங்கள் வீட்டு அறையில் மூட்டைப்பூச்சி பார்த்தோம் அக்கா. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. உங்கள் பெட்டிகளோடு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதே என்றுதான் சொல்கிறேன், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்” என்ற அளவில் பேசினால் அது குற்றச்சாட்டாக இராது, அக்கறையாகவே இருக்கும். சித்தப்பாவிடம் நீங்கள் சொல்வதைவிடச் சித்தியிடம் சொல்வது எளிதாக இருந்தால் அப்படியே செய்யுங்கள். துணிகளை மடித்து வைப்பவர் யாரோ அவருக்குத்தான் செய்தி போய்ச்சேர வேண்டும்.

கடைசியாகப் பழைய கட்டிலும் மெத்தையும். தூக்கி எறிய வேண்டியதில்லை. எறிந்தாலும், வழியில் பூச்சிகளை உதிர்த்துக்கொண்டே போகும், எடுத்துச்செல்பவர் வீட்டிலும் குடியேறும். மருந்தடித்த பிறகு அந்த அறையில் ஆள் படுத்துறங்கி வந்து, இரண்டு மூன்று மாதங்களாகப் புதிய கரும்புள்ளியோ உரித்த தோலோ தென்படவில்லை என்றால் ஒழிந்துவிட்டது என்று கொள்ளலாம். அறை பூட்டியே கிடந்திருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. அப்படியானால் விருந்தினர் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன் வீட்டில் பெரியவர் ஒருவர் அங்கே உறங்கி, பிறகு தையல்களைச் சோதித்துப் பாருங்கள். கட்டிலின் மர இணைப்புகளையும் திருகாணித் துளைகளையும் கழற்றித் துடைத்து, இடைவெளிகளை அடைத்துவிடுங்கள். மெத்தைக்கு ஜிப் உறை போட்டு, ஓராண்டுக்கும் மேலாக அதைக் கழற்றாமலே வைத்திருங்கள். உள்ளே ஏதேனும் எஞ்சியிருந்தாலும் வெளியே வராமல் அங்கேயே மடிந்துவிடும். உறையில் கிழிசல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் அன்றே ஒட்டிவிடுங்கள்.